ப்ரீஹீட்டட் காம்போசிட் தீசிஸ் எடுக்கப் போறீங்களா? நான் பட்ட பாடு இது

பல்லுக் குழியை அடைக்கிற காம்போசிட் பேஸ்ட்டை சூடு பண்ணி, லைட் அடிச்சு இறுக வைக்கிற (லைட் க்யூர்) டாபிக்கை தீசிஸுக்கு எடுக்கலாமான்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். எடுக்கலாம், தாராளமா எடுங்க. ஆனா ஒண்ணு, இந்த டாபிக்ல முக்காவாசி வேலை ஹீட்டர்லேர்ந்து எடுத்து லைட் அடிக்கிறதுக்கு நடுவுல இருக்குற அந்த கொஞ்ச நேரத்துல தான் ஒளிஞ்சிருக்கு, அதை முதல்லயே யாரும் சொல்ல மாட்டாங்க.

ஐடியா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க இந்த பாராவை தாண்டிப் போயிடுங்க. காம்போசிட்டுக்குள்ள பிஸ்-ஜிஎம்ஏன்னு ஒரு ரெசின் இருக்கு, கெட்டித் தேன் மாதிரி நகரவே நகராது, அதனால டெக்டிஎம்ஏ மாதிரி தண்ணியான மோனோமர் கலந்து, அதுல கண்ணாடித் தூளை ஃபில்லரா போட்டு தான் பேஸ்ட் பண்றாங்க. கூடவே காம்ஃபர்குவினோன்னு மஞ்சளா ஒரு இனிஷியேட்டர். 470 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற நீல வெளிச்சம் பட்டதும் அது அமீனோட சேர்ந்து ரேடிக்கல் உண்டாக்கும், அப்புறம் மோனோமர் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகிடும். ஆனா இறுக இறுக உள்ள இருக்குற மூலக்கூறு நகர இடமில்லாம மாட்டிக்கும், அதனால ரூம் டெம்பரேச்சர்ல பாதிக்கு மேல, முக்காவாசிக்குள்ள தான் டபுள் பாண்டு மாறும், மிச்சம் அப்படியே நின்னுடும். சூடு பண்ணா பேஸ்ட் இளகும், மூலக்கூறு கூட கொஞ்ச நேரம் ஓடியாடும், கன்வர்ஷன், அதாவது மாறுற டபுள் பாண்டோட சதவீதம், ஏறும். இவ்வளவு தான் தியரி, பேப்பர்ல படிக்க ரொம்ப அழகா இருக்கும்.

நானும் அப்படித்தான் படிச்சேன். 2005-ல ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்ல டரோன்ச், ரூகெபெர்க் டீம் போட்ட பேப்பரை இந்த டாபிக்ல எல்லாரும் சைட் பண்ணுவாங்க, டெம்பரேச்சர் ஏற ஏற கன்வர்ஷன் ஏறுது, சூடா இருந்தா லைட் அடிக்கிற டைமைக் குறைச்சா கூட ரூம் டெம்பரேச்சர்ல ஃபுல் டைம் அடிச்ச அளவுக்கு வந்துடுதுன்னு. படிச்சதும் ஆஹா, கிளினிக்ல டைம் மிச்சம்னு தோணும். அப்புறம் 2010-ல டென்டல் மெட்டீரியல்ஸ் ஜர்னல்ல ஒண்ணு, 68 டிகிரி வரைக்கும் சூடு பண்ணியும் கன்வர்ஷன்ல வித்தியாசமே வரல, கேவிட்டி (பல்லுல அடைக்கிற குழி) சுவரோட ஒட்டி உக்கார்றது மட்டும் நல்லா இருந்துச்சுன்னு. ஒண்ணு ஏறுதுங்குது, இன்னொண்ணு ஏறலங்குது. ரெண்டு பேரும் ஒழுங்கா தானே பண்ணிருப்பாங்க?

இதை எடுத்துக்கிட்டு என் கைடுகிட்ட போனேன், மேம் ப்ரோட்டோகாலைப் புரட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க, "லைட் படும்போது அந்த மெட்டீரியல் என்ன டெம்பரேச்சர்ல இருக்கும்?" ஹீட்டர்ல 60 மேம்னு சொன்னேன். "ஹீட்டரைக் கேக்கல, மெட்டீரியலைக் கேட்டேன்." அவ்வளவு தான், மொத்த தீசிஸும் அந்தக் கேள்வியைச் சுத்தியே போச்சு.

அதுக்கப்புறம் தேடினா 2006-ல அதே டீமோட இன்னொரு பேப்பர் சிக்குச்சு. 60 டிகிரிக்கு சூடு பண்ண கம்ப்யூலை (காம்போசிட் அடைச்சு வர்ற குட்டிக் குழல்) ஹீட்டர்லேர்ந்து வெளிய எடுத்தா 2 நிமிஷத்துல ஏறின சூட்டுல பாதி போயிடுது, 5 நிமிஷத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் போயிடுது. நம்ம கன்ல லோட் பண்ணி, கேவிட்டில வச்சு, இன்ஸ்ட்ருமென்ட்டால அமுக்கி, ஷேப் பண்ணி, அப்புறம் லைட்டைக் கையில எடுக்குறதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதே பேப்பர்ல ஒரு நல்ல சேதியும் இருக்கு, திரும்பத் திரும்ப சூடு பண்ணி ஆற வச்சாலும், ஒரு நாள் முழுக்க சூட்டுலயே வச்சிருந்தாலும் கன்வர்ஷன் கெட்டுப்போகலன்னு, அதனால மெட்டீரியல் வீணாப் போகுமோங்கிற பயம் வேண்டாம்.

சரி, அளந்தே பாத்துடலாம்னு தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்குற வயர் சென்சார், வாங்கினோம். கே டைப், வயர் எவ்வளவு மெல்லிசா கிடைக்குதோ அவ்வளவு நல்லது, தடி வயரா இருந்தா அதுவே பேஸ்ட்ல இருக்குற சூட்டை உறிஞ்சிடும், அப்புறம் நீங்க அளக்குறது வயரோட சூட்டைத்தான். முனையில இருக்குற குட்டி மணி மாதிரி பகுதியை, சாம்பிள் பண்ற அச்சான மோல்டுக்கு நடுவுல நிறுத்தி, சுத்தி காம்போசிட்டை இன்ஜெக்ட் பண்ணி, ஸ்க்ரீன்ல ஓடுற கோட்டைப் பாக்கணும். முதல் தடவை பாத்தப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. கம்ப்யூலுக்குள்ள இருக்குறப்போ மெதுவா ஆறிட்டு இருந்த மெட்டீரியல், ஸ்டீல் மோல்டைத் தொட்ட அடுத்த நொடியே கோடு மாடிப்படில உருண்டு விழற கணக்கா இறங்குது. ஏன்னா உள்ள இருக்குறது துளியூண்டு காம்போசிட், வெளிய இருக்குறது அதைவிட பல மடங்கு கனமான இரும்பு, அதுவும் ரூம் டெம்பரேச்சர்ல. ஹீட்டர் 60-ன்னு காட்டுது, மோல்டுக்குள்ள அந்த 60 எங்க போச்சுன்னே தெரியல.

அப்போ மோல்டை மாத்திடலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. டெஃப்லான்லயோ வெள்ளை டெல்ரின்லயோ பண்ணா சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனா அந்த வெள்ளை பிளாஸ்டிக் வழியா வெளிச்சம் ஊடுருவும், பக்கவாட்டுலேர்ந்தும் க்யூர் ஆகும், டெப்த் ஆஃப் க்யூர், அதாவது எவ்வளவு ஆழம் வரைக்கும் இறுகுச்சுங்கிறது, நிஜத்தைவிட அதிகமா காட்டும். ஸ்டீல்ல வெளிச்சம் கசியாது, சூடு கசியும், பிளாஸ்டிக்ல சூடு நிக்கும், வெளிச்சம் கசியும். கடைசில நாங்க பண்ணது, ஸ்டீல் மோல்டையே வச்சுக்கிட்டு அதை வாய்க்குள்ள இருக்குற சூட்டுக்கு பக்கத்துல ஒரு ஹாட் பிளேட் மேல நிறுத்தி வச்சோம், அதுக்கப்புறம் க்ரூப்பைப் பிரிக்கிறதுல ஹீட்டர் டெம்பரேச்சரோட "எடுத்து எவ்வளவு நேரம் கழிச்சு லைட்" அப்படிங்கிறதையும் ஒரு வேரியபிளா சேத்தோம். இந்த டாபிக்கை யார் எடுத்தாலும் இதைப் பண்ணுங்க, வெறும் "60 டிகிரி க்ரூப்"னு போட்டா அதுக்கு அர்த்தமே கிடையாது.

தெர்மோகப்பிள்ல இன்னொரு வேடிக்கை இருக்கு. லைட் அடிச்சதும் டெம்பரேச்சர் எகிறும். அதுல கொஞ்சம் ரியாக்‌ஷனோட சொந்த சூடு, கொஞ்சம் லைட் கொடுக்குற சூடு. ரெண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, க்யூர் ஆகி ஆறின அதே சாம்பிளுக்கு மறுபடி அதே லைட்டை அதே நேரம் அடிங்க, இப்போ ரியாக்‌ஷன் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும், ஏறுறது லைட்டோட சூடு மட்டும் தான், முதல் ஏத்தத்துலேர்ந்து இதைக் கழிச்சா மிச்சம் ரியாக்‌ஷனோடது. எங்க லைட்ல லைட்டோட பங்கு நான் நினைச்சதைவிட அதிகமாவே இருந்துச்சு.

லைட்டைப் பத்தி நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் லைட்டை 20 செகண்ட் அடிச்சா 20 ஜூல், இந்தப் பெருக்கல் எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த 1000 லைட்டோட முனை (டிப்) வாசல்ல இருக்குற கணக்கு, கொஞ்சம் தள்ளிப் புடிச்சாலோ சாய்ச்சுப் புடிச்சாலோ கீழ போய் சேர்றது வேற. கையால புடிக்காதீங்க, ஸ்டாண்ட்ல க்ளாம்ப் பண்ணுங்க. டிப்ல பழைய காம்போசிட் ஒட்டி காஞ்சிருக்கான்னு டெய்லி பாருங்க. லைட்டோட பவரை அளக்குற கையடக்க ரேடியோமீட்டர் இன்னிக்கும் நேத்திக்கும் ஒரே மாதிரி இருக்கான்னு செக் பண்ண உதவும், அது காட்டுற நம்பரை அப்படியே தீசிஸ்ல எழுதாதீங்க. உங்க மெட்டீரியல்ல காம்ஃபர்குவினோனுக்கு பதிலாவோ கூடவோ டிபிஓங்கிற இனிஷியேட்டர் இருந்தா அதுக்கு 400 நானோமீட்டர் பக்கத்துல வயலட் வெளிச்சம் வேணும், வெறும் நீல எல்ஈடி வச்சு அடிச்சா அது சும்மா உக்காந்திருக்கும், நீலமும் வயலட்டும் சேந்து தர்ற பாலிவேவ் லைட் தேவைப்படும். ஆரஞ்சு கண்ணாடி போடுங்க, பழகிடுச்சுன்னு கழட்டி வைக்காதீங்க. ரூம் லைட்டும் சும்மா இருக்காது, நீங்க மெட்டீரியலை அமுக்கிட்டு இருக்கும்போதே மேல லேசா தோல் கட்ட ஆரம்பிச்சிடும்.

டெப்த் ஆஃப் க்யூருக்கு ஐஎஸ்ஓ 4049-ல இருக்குற சுரண்டல் டெஸ்ட். 4 மில்லிமீட்டர் விட்டத்துல ஸ்டீல் மோல்டு, மேலயும் கீழயும் மைலார் ஷீட், ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் லைட். க்யூர் ஆனதும் சாம்பிளை வெளிய தள்ளி, லைட் படாத முனையிலேர்ந்து பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவால சுரண்டணும். முதல்ல பேஸ்ட்டா வழிச்சுக்கிட்டு வரும், அப்புறம் சோப்பு மாதிரி சீவலா வரும், அதுக்கப்புறம் பொடிப்பொடியா உதிரும், ஒரு இடத்துல ஸ்பாட்டுலா சர்ருன்னு வழுக்கும், அங்க நிறுத்தணும். மிச்சம் இருக்குற நீளத்தை மைக்ரோமீட்டர்ல அளந்து ரெண்டால வகுத்தா அது தான் டெப்த் ஆஃப் க்யூர். அந்த "பொடி" கட்டத்துல ஆளாளுக்கு ஒரு இடத்துல நிறுத்துவாங்க, அதனால எல்லா சாம்பிளையும் ஒரே ஆள் சுரண்டணும், அதுவும் எது எந்த க்ரூப்புன்னு தெரியாம சுரண்டணும். லேப் அண்ணா தான் எனக்கு சாம்பிளை நம்பர் போட்டு கலைச்சுக் கொடுப்பாரு, இல்லன்னா சூடு பண்ண க்ரூப்னு தெரிஞ்சா நம்ம கையே கொஞ்சம் இரக்கம் காட்டும்.

கன்வர்ஷனுக்கு எஃப்டிஐஆர், அதாவது எந்த பாண்டு எவ்வளவு இருக்குன்னு அகச்சிவப்பு ஒளியால பாக்குற மெஷின். அது போடற கிராஃப்ல 1638-ல இருக்குற பீக் மோனோமரோட டபுள் பாண்டு, க்யூர் ஆகும்போது இது குறையும், 1608-ல இருக்குறது பென்சீன் வளையத்தோடது, இது மாறாது. க்யூர் ஆகறதுக்கு முன்னாடி இந்த ரெண்டுக்கும் உள்ள விகிதம், அப்புறம் உள்ள விகிதம், அதை வச்சு எத்தனை சதவீதம் மாறுச்சுன்னு வரும். ரெண்டு பீக்கும் பக்கத்து பக்கத்துல இருக்குறதால பேஸ்லைன் எங்க கோடு போடறீங்கங்கிறதுல நம்பரே மாறிடும், ஆரம்பத்துலயே ஒரு விதி வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே பண்ணுங்க. யுடிஎம்ஏங்கிற ரெசின் மட்டும் இருக்குற மெட்டீரியல்னா பென்சீன் வளையமே கிடையாது, 1608 கிடைக்காது, மெட்டீரியல் வாங்குறதுக்கு முன்னாடியே காம்போசிஷன் ஷீட்டைப் படிங்க. சாம்பிளை ஒரு க்ரிஸ்டல் மேல வச்சு பாக்குற ஏடிஆர் முறைல பாக்குறீங்கன்னா அது க்ரிஸ்டலைத் தொடுற மேல்தோல் சில மைக்ரான் மட்டும் தான் படிக்கும், அதனால எந்தப் பக்கத்தை கீழ வைக்கிறீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க.

எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அளக்குற விக்கர்ஸ் ஹார்ட்னஸ் டெஸ்ட்டும் பண்ணோம், கீழ்ப்பக்கம் மேல்பக்கத்துல 80 சதவீதமாவது இருந்தா க்யூர் போதும்ங்கிற வழக்கமான கணக்கு. பாலிஷ் பண்றது போர், வேற சொல்ல ஒண்ணுமில்ல. க்ரூப்பை ஒப்பிடற கணக்கு டூ-வே அனோவா, அதை ஸ்டாட்டிஸ்டிஷியன் பாத்துக்கிட்டாரு.

ரிசல்ட் என்னன்னா, எடுத்த உடனே லைட் அடிச்ச க்ரூப்ல கன்வர்ஷன் ஏறுச்சு, நல்லாவே ஏறுச்சு. நேரம் தள்ளிப்போகத் தள்ளிப்போக ரூம் டெம்பரேச்சர் க்ரூப்போட போய் ஒட்டிக்கிச்சு. 2005-ம் 2010-ம் ஏன் வேற வேற சொல்லுதுங்கிறதுக்கு பாதி பதில் இதுலயே இருக்கலாம்னு டிஸ்கஷன்ல எழுதினேன். டெப்த் ஆஃப் க்யூர்ல வித்தியாசம் சொற்பம் தான், அதுவும் எதிர்பார்க்க வேண்டியது தான், ஆழத்துக்கு வெளிச்சம் போகாம தடுக்குறது ஃபில்லர், சூடு பண்ணா ஃபில்லர் எங்க போகும்?

வைவால எக்ஸாமினர் முதல்ல பல்ப்பை, அதாவது பல்லுக்குள்ள நரம்பு இருக்குற உயிருள்ள பகுதியை, புடிச்சாரு, 60 டிகிரி மெட்டீரியலை பல்லுல வச்சா நரம்பு என்ன ஆகும்னு. 1965-ல ஜாக், கோஹென் குரங்குப் பல்லுல பண்ண ஆராய்ச்சில 5.5 டிகிரி ஏறினப்போ 15 சதவீத பல்லுல பல்ப் மீளல, இன்னிக்கும் எல்லாரும் சொல்ற அந்த 5.5 அங்கேர்ந்து தான் வந்துச்சு. சூடான காம்போசிட் அளவுல சின்னது, வைக்கிறதுக்குள்ள ஆறிடுது, அதைவிட க்யூரிங் லைட் தான் பல்ப்பை அதிகமா சூடாக்கும்னு சொன்னேன், அவர் தலையாட்டினாரு. அடுத்தது ஷ்ரிங்கேஜ். கன்வர்ஷன் கூடினா சுருக்கமும் கூடும், ஆறும்போது தனியா கொஞ்சம் சுருங்கும், ப்ரீஹீட்டிங்ல இது ஓசில வராதுன்னு நானே ஒத்துக்கிட்டேன், அது அவருக்கு புடிச்சிருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

கடைசியா, அப்போ நீங்க கிளினிக்ல சூடு பண்ணுவீங்களான்னு கேட்டாரு. பண்ணுவேன் சார், கெட்டி பேஸ்ட் கேவிட்டி மூலைல போய் உக்கார்றதுக்கும், வெனீர் (பல்லு முன்பக்கம் ஒட்டுற மெல்லிசான தகடு) ஒட்டுறதுக்கும் பண்ணுவேன், ஆனா லைட் டைம் ஒரு செகண்ட் கூட குறைக்க மாட்டேன்னேன். இப்போ வரைக்கும் அப்படித்தான் பண்ணிட்டு இருக்கேன். ஹீட்டரை கைக்கு எட்டுற தூரத்துல வச்சுக்கிறேன், பாண்டிங் முடிஞ்சு லைட் ரெடியா இருந்தா தான் கம்ப்யூலை வெளிய எடுக்குறது, அதுக்கு முன்னாடி அசிஸ்டென்ட் எடுத்து நீட்டினா திருப்பி உள்ள வைக்கச் சொல்லிடறேன்.