காசல்ரீயில் ரெட்டை எஞ்சின் போட்டுக்கு வேகம் கூட்டியது

நீர்கொழும்பில் மணிக்கு 68 கிலோமீற்றர் ஓடிய போட், மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் 54-ஐத் தாண்ட மறுத்தது. இருபதடி ஃபைபர் உடம்பு, பின்னால் இரண்டு 90 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். முதலாளி நோர்வூட் பக்கம் விருந்தினர் பங்களா நடத்துகிறவர். கினிகத்தேனை வளைவுகளில் டிரெய்லரை ஏற்றிக் கொண்டுவந்த செலவே அவருக்கு வயிற்றெரிச்சல். "ரெண்டையும் கழட்டிட்டு 115 குதிரை போட்டுருவோமா தம்பி?" என்றார். ஹட்டனில் எனக்குச் சின்ன கராஜ். முச்சக்கர வண்டியும் ஜெனரேட்டரும்தான் தினசரி வேலை. அவுட்போர்ட், அதாவது போட்டின் பின்னால் மாட்டும் எஞ்சின், பழகியது மன்னாரில் இருந்த காலத்தில். "பொறுங்க முதலாளி, முதல்ல அளந்து பாப்போம்" என்றேன்.

அளக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஜி.பி.எஸ்., இரண்டு ஆர்.பி.எம். (நிமிடச் சுழற்சி) மீற்றர், ஒரே அளவு பெற்றோல், அதே இரண்டு பேர். காற்றோடு ஒரு ஓட்டம், எதிர்க்காற்றில் ஒரு ஓட்டம், இரண்டுக்கும் சராசரி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் ஓட்டத்திலேயே ஒன்று தெரிந்தது. இடது எஞ்சின் 4,600, வலது 4,300. வலது பக்கக் கவரைக் கழற்றி, முதலாளியை வேக லீவரை முழுசாகத் தள்ளச் சொன்னேன். கார்புரேட்டர் கை ஸ்டொப்பரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. கேபிள் நுனியை நாலைந்து சுற்று திருகியதில் அது சரியானது. இரண்டும் 4,600, வேகம் 56. செலவில்லாமல் கிடைத்த வேகம்.

ஆனால் இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் முழு வேகச் சுழற்சி 4,500 முதல் 5,500 வரை. ஆள் குறைவாக ஓடும்போது மேல் எல்லையைத் தொட வேண்டும். நாங்கள் கீழ் எல்லையில் முனகிக்கொண்டிருந்தோம். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீற்றர் உயரம். காற்றழுத்தம் அங்கே 12 சதவீதம் போலக் குறைவு. எஞ்சின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 180 குதிரை என்று வாங்கியது இங்கே 160 குதிரைதான். போதாததற்கு நன்னீரில் போட் கடலைவிடக் கொஞ்சம் அமிழ்ந்து நிற்கும்.

கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று மெலிந்தாலும் பெற்றோலைப் பழையபடியே விடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் கரி அப்பி, எண்ணெய் ஈரம் மினுங்கியது. கையேட்டில் உயரத்துக்கு ஏற்ற ஜெட் (பெற்றோல் போகும் சிறு துளை) அட்டவணை இருக்கிறது. அதன்படி மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கினோம். பிளக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. சுழற்சி 4,750, வேகம் 58. இதில் ஒரு ஆபத்து உண்டு. இந்த ஜெட்டோடு போட்டைத் திரும்பக் கடலுக்குக் கொண்டுபோனால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். பழைய ஜெட்டுகளைச் சின்ன டப்பாவில் போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டிவைத்திருக்கிறேன்.

அடுத்தது புரொப்பெல்லர். இருந்தது 19 அங்குல பிட்ச். பிட்ச் என்பது நழுவாமல் போனால் ஒரு சுற்றில் புரொப் முன்னே போகும் தூரம். வேகம் வேண்டுமென்றால் பெரிய பிட்ச் என்பது முதலாளியின் கணக்கு. கேட்பவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். எஞ்சினால் சுற்ற முடிந்தால் அது சரி. மூச்சுத் திணறுகிற எஞ்சினுக்குப் பிட்சைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை ஏறும். 17 தேடினோம். வலது சுற்று உடனே கிடைத்தது. இடது எஞ்சின் எதிர்ப்புறம் சுற்றுவது. அதற்கு இடது சுற்று புரொப் வேண்டும். அதற்காகக் கொழும்புக் கடைகளுக்குப் போன் பண்ணியே அலுத்துப்போனோம்.

மாட்டியதும் 5,150. வேகமோ 59தான். முதலாளி முகம் தொங்கிவிட்டது. நான் கணக்கைக் காட்டினேன். சுழற்சியைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 656ஆல் வகுத்தால், தண்ணீரில் நழுவாமல் போனால் வரவேண்டிய வேகம் கிலோமீற்றரில் வரும். இந்த எஞ்சினில் விகிதம் 2. கேபிளைச் சரிசெய்த ஓட்டத்தில் வரவேண்டியது 66.6, வந்தது 56. இப்போது வரவேண்டியது 66.7, வந்தது 59. அதாவது ஸ்லிப், அந்த நழுவல், 16 சதவீதத்திலிருந்து 12 பக்கம் இறங்கிவிட்டது. எஞ்சின் இப்போதுதான் மூச்சு விடுகிறது, மிச்சம் தண்ணீர் பிடித்து இழுக்கிற இழுவையில் இருக்கிறது என்றேன்.

அந்த இழுவையைப் பிடித்துத் தந்தது மன்னார் பேசாலையில் இருக்கும் அண்ணன் ஒருவர். போனில் படம் அனுப்பினேன். பார்த்த உடனே, "தம்பி, எஞ்சின் ரெண்டும் தாண்டு போய் கிடக்கு. கீலைப் பார்த்து அளந்து பூட்டியிருக்கிறாங்கள்" என்றார். கீல் என்பது போட்டின் அடி நடுக்கோடு. ஒற்றை எஞ்சின் அந்தக் கீலுக்கு நேரே நிற்கும். புரொப்புக்கு மேலே இருக்கும் தட்டையான கேவிட்டேஷன் பிளேட்டைக் கீலின் மட்டத்துக்கு வைத்தால் சரி. இரட்டை எஞ்சின் நடுவிலிருந்து தள்ளி நிற்கிறது. எங்கள் போட்டில் 33 சென்டிமீற்றர் தள்ளி, அடிப்பக்கச் சரிவு 18 பாகை. அந்த இடத்தில் அடித்தளம் கீலைவிடச் சுமார் 10 சென்டிமீற்றர் மேலே இருக்கிறது. கியர் பெட்டி தேவையில்லாமல் தண்ணீருக்குள் உழுதுகொண்டு போயிருக்கிறது.

கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி, ஒவ்வொரு ஓட்டையாக, 19 மில்லிமீற்றர் வீதம் உயர்த்தினோம். இரண்டாவது ஓட்டையில் நல்ல மாற்றம். மூன்றாவதில் வளைவெடுக்கும்போது புரொப் காற்றைப் பிடித்துக் கத்தியது. திரும்ப இரண்டுக்கே இறக்கினோம். இந்த வேலையில் தண்ணீர் அழுத்த மீற்றரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தண்ணீர் உறிஞ்சும் துளை மேலே வந்துவிட்டால் எஞ்சின் வெந்துவிடும்.

அப்போதே இரண்டு கியர் பெட்டிகளுக்கும் இடையே டேப் பிடித்தோம். முன்பக்க இடைவெளியைவிடப் பின்பக்கம் 2 சென்டிமீற்றர் குறைவு. ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கின்றன. இரண்டு எஞ்சினையும் இணைக்கும் டை-பாரைத் திருகி இணையாக்கினோம். 5,350, வேகம் 63.

ட்ரிம், அதாவது எஞ்சினின் சாய்வு, மட்டும் பாக்கி. முழு வேகத்தில் இரண்டையும் சேர்த்து மெதுவாக வெளியே விட்டால் மூக்கு எழும்பி, ஸ்டியரிங் இலேசாகும். சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிட்டாலோ, போட் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரித் துள்ளினாலோ, கொஞ்சம் உள்ளே எடுக்க வேண்டும். எங்களுக்கு நின்ற இடம் 5,450, வேகம் 65. வேலையை வெள்ளென, காற்று எழும்புவதற்கு முன் பார்த்துக்கொண்டோம். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியாகவும் இருக்கும். மூடுபனி முழுசாக விலகாமல் யாரும் லீவரைத் தள்ளக் கூடாது என்று மட்டும் கண்டிப்பு.

முதலாளி இப்போது 70 கேட்கிறார். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் ஓட்டிப் பார்ப்போமா என்றும் கேட்டார். வறட்சியில் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரிகிற தண்ணீர் அது. மட்டம் இறங்கினால் கீழே என்ன நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அணை நிரம்பட்டும் என்று சொல்லிவிட்டேன். ஸ்டெயின்லெஸ் புரொப் மாட்டினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், விலையைக் கேட்டதும் அவரே அடங்கிவிட்டார். அதற்கு முன்னால் வலது எஞ்சினின் வாட்டர் பம்ப் இம்பெல்லரை மாற்ற வேண்டும். அழுத்தம் இடதைவிடக் குறைவாகக் காட்டுகிறது.