ஆச்சியின் சுருதி: ஒரு வாரக் கேசட் வேலை

ஞாயிறு. சொதி சாப்பிட்ட மயக்கத்தில் எல்லாரும் படுத்திருந்தபோது பரணில் ஏறி அட்டைப்பெட்டியை இறக்கினேன். முப்பத்தியாறு கேசட். பெரும்பாலானவை அப்பா ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டுகள். நாலைந்தில் இலங்கை வானொலியிலிருந்து வீட்டிலேயே பிடித்தவை இருந்தன. பாளையங்கோட்டையில் அப்போது அது உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் கையெழுத்தில் ‘அம்மை – கார்த்திகை 94’ என்று இருந்தது. ஆச்சியின் குரல் உள்ள ஒரே நாடா அது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கள். அலுவலகம் விட்டு வந்து, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன்னைத் திறந்தேன். பெல்ட்டைத் தொட்டதும் தார் போல விரலில் ஒட்டிக்கொண்டது. அதை வழித்தெடுத்துப் புது பெல்ட் போட்டு, ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தேன். பழுப்பு நிறம் வருவது நிற்க ஒன்பது பட்ஸ் ஆனது. ஆச்சியின் கேசட்டில் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிக் கம்பளித் துண்டு உதிர்ந்து கிடந்தது. வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். பின்பக்கத்து இரண்டு காதுகளையும் அப்பா அப்போதே உடைத்துவிட்டிருந்தார். அதனால்தான் முப்பது வருடத்தில் யாரும் தவறுதலாக இதன்மேல் எதையும் பதியவில்லை.

செவ்வாய் ராத்திரி முதல் முறையாக ஓடவிட்டேன். பாட்டுக்குச் சுருதி கொடுக்கும் துருத்திப் பெட்டியின், சுருதிப் பெட்டியின், ஒலி எழுந்தது. பிறகு கழுகுமலை முருகன் மேல் ஒரு காவடிச் சிந்து. மகள் பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் ஆச்சியைப் பார்த்ததே இல்லை. அம்மா அடுக்களை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

“இது அத்தை குரல் மாதிரியே இல்லையே” என்றாள்.

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. “ஏல, சுருதி ஏறிக் கிடக்கு. அரைக்கட்டை இருக்கும். எங்கம்மை இப்படிக் கீச்சுன்னு பாடமாட்டா.”

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் காத்திருந்து எடுத்த குரல் வேறு யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிந்த மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தாலோ, இப்போதைய மெஷின் வேகமாக ஓடினாலோ, பாட்டு முழுவதும் மேலே ஏறிவிடும். மோட்டாரின் பின்னால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டு. ஆனால் எவ்வளவு திருகுவது என்று எதை வைத்துச் சொல்ல?

புதன்கிழமைக்கு அதற்கு ஒரு வழி கிடைத்தது. கரண்டில் ஓடும் மெஷினில் பதிந்தால் மின்சாரத்தின் ரீங்காரமும் நாடாவில் மெலிதாக விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நாடாவில் அந்த ரீங்காரம் எத்தனையாக ஒலிக்கிறது என்று பார்த்தால் வேகத்தின் பிழை தெரிந்துவிடும். டூ-இன்-ஒன்னைப் பெரிய செல் போட்டும், லேப்டாப்பைச் சார்ஜர் கழற்றியும் ஓட்டினேன். இன்றைய கரண்டின் ரீங்காரம் உள்ளே கலக்கக்கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருந்த அமைதியான இடங்களை எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வரைபடம் போட்டேன். ரீங்காரம் 50இல் மட்டுமல்ல, அதன் மடங்குகளிலும் விழும். கீழே 50க்குப் பக்கத்தில் மங்கலாக இருந்தது. மூன்றாம் மடங்கில் கூர்மையாக ஒரு முள். 150 இருக்க வேண்டிய இடத்தில் 153. அதாவது 50க்குப் பதில் 51. இரண்டு சதவீதம் வேகம். வேகத்தை 0.98 மடங்கு என்று கொடுத்து மாற்றினேன்.

அப்பா கேட்டார். தலையை ஆட்டினார். “இறங்கியிருக்கு. ஆனா இன்னும் கால் கட்டை நிக்குது.”

கணக்கு சரியாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்பாவுக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் தன் அம்மை பாடியதை நாற்பது வருடம் கேட்ட காது அது.

வியாழன் வேலை அதிகம், எதையும் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பாவின் பட்டியல் கேசட் ஒன்றை மாற்றியதைப் போனில் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு சோகப் பாட்டு முடிந்ததும் துள்ளலான கல்யாணப் பாட்டு, அதற்கடுத்து பக்திப் பாட்டு. அந்த வரிசையில் அந்த வருடத்து அப்பா இருக்கிறார். பாட்டுகள் எல்லாம் எங்கேயும் கிடைக்கும், இந்த வரிசை கிடைக்காது. அதனால் பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டாமல், ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வைப்பதென்று முடிவு செய்தேன்.

வெள்ளி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் வேறு விஷயமாகப் பேசும்போது இதைச் சொன்னேன். “தொண்ணூத்திநாலுல எங்கடே அம்பது இருந்துச்சு?” என்றார். அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் தேவைக்கு உற்பத்தி போதாது. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் 48.5 வரைக்கும் இறங்கித்தான் ஓடுமாம். 2013 டிசம்பர் 31 அன்று தெற்கு மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு சேர்ந்த பிறகு, நான் 50 என்பதை அசையாத எண்ணாகவே நினைத்துப் பழகிவிட்டேன். என் அளவுகோலே நீண்டு சுருங்கியிருக்கிறது.

அப்படியென்றால் அசையாமல் இருந்தது எது? நாடாவில் ஆச்சிக்குப் பின்னால் ஒலிக்கும் சுருதிப் பெட்டி. அது இன்னும் பூஜையறை அலமாரியின் அடியில் இருக்கிறது.

சனிக்கிழமை முழுவதும் அந்தப் பெட்டியோடுதான் போனது. துருத்தியின் மடிப்பில் இரண்டு இடத்தில் காற்று போனது. பழைய ரெக்சின் பையை வெட்டி உள்பக்கமாக ஒட்டினேன். பித்தளை நாக்குகளில் இருந்த தூசியை மகளின் பெயிண்டிங் பிரஷ்ஷால் மட்டும் தட்டினேன். நாக்கைச் சுரண்டினால் சுருதியே மாறிவிடும். பிறகு ஐந்து கட்டையைத் திறந்து அமுக்கினேன். போனில் சுருதி அளக்கும் ட்யூனர் 196 ஹெர்ட்ஸ் காட்டியது. நாடாவின் மூலப் பதிவில் அதே ஒலி 205. மாற்ற வேண்டியது 0.98 இல்லை, 0.956.

அந்த எண்ணில் மாற்றியபோது ரீங்காரம் 48.8க்கு வந்து நின்றது. அந்தக் கார்த்திகைச் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்த மின்சாரம் அதுதான். சித்தப்பாவுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

ஞாயிறு காலை. அப்பா சுருதிப் பெட்டியை மடியில் வைத்து அமுக்க ஆரம்பித்தார். நான் கோப்பை ஓடவிட்டேன். இரண்டு சுருதியும் கொஞ்சம் விலகியிருந்தால் ஒலி அலை அலையாகத் துடிக்கும். துடிக்கவில்லை. எது பெட்டி, எது ஸ்பீக்கர் என்று பிரிக்க முடியவில்லை. அதன் மேல் ஆச்சி பாடினாள். கனத்த, கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். அப்பா கையை நிறுத்தவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை.

இரண்டாவது சிந்தின் நடுவில் ஆச்சி பாட்டை நிறுத்தி, “அடுப்புல பால் கெடக்கு, யாராச்சும் பாருங்கட்டீ” என்கிறாள். செவ்வாய்க்கிழமை அதே இடம் ஓடியபோது அம்மா எதுவும் சொல்லவில்லை. இன்று தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிட்டாள்.

“நான்தான் போய் இறக்கி வச்சேன்” என்றாள் மகளிடம். “பொங்கிருச்சு, பாதி.”