பழைய பரோலோவுக்கு ஒரு பிரசாட்டோ

இருபது வயது தாண்டிய பரோலோவைத் திறக்கும் இரவில் சமையல் கொஞ்சம் அடங்கியே இருக்க வேண்டும். வடமேற்கு இத்தாலியின் பியமோன்தேயில், நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யும் ஒயின் இது. இளமையில் அதன் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். காலப்போக்கில் அந்தத் துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, பாட்டிலின் அடியில் மண்டியாகத் தங்கும். மிஞ்சுவது காய்ந்த ரோஜா, தேயிலை, ஈரமண் வாசனைகள். காரம், புளி, வினிகர், இனிப்பு எதுவும் இவற்றை அமுக்கிவிடும். மிளகாய்க் காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரிச்சலாகத்தான் தெரியும்.

அந்த ஊர்க்காரர்களே இதற்கு வைக்கும் பண்டம் பிரசாட்டோ: சிவப்பு ஒயினில் மெதுவாக வேகும் மாட்டிறைச்சி. பழைய பாட்டிலைச் சட்டியில் ஊற்றாதீர்கள். கொதித்தால் அந்த வாசனைகளில் ஒன்றும் மிஞ்சாது. சட்டிக்கு பார்பேரா போன்ற, இனிப்பில்லாத இளம் ஒயின் 750 மில்லி போதும்.

தோள்பட்டைப் பகுதியில் 1.2 கிலோ, ஒரே துண்டாக வாங்குங்கள். பெரிதாக நறுக்கிய 2 வெங்காயம், 2 கேரட், 2 செலரித் தண்டு, 2 பிரிஞ்சி இலை, 6 மிளகு, 2 கிராம்பு சேர்த்து அந்த ஒயினில் மூழ்க வைத்து, ஃபிரிட்ஜில் 12 மணி நேரம். கிராம்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் அதுவே விழுங்கிவிடும்.

மறுநாள் இறைச்சியை எடுத்து ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ஈரத்தோடு சட்டியில் போட்டால் சிவக்காது, நீர் விட்டு அவியும், குழம்பும் வெளிறிப்போகும். எண்ணெயும் 20 கிராம் வெண்ணெயும் சூடாக்கி, எல்லாப் பக்கமும் சிவக்க 10 முதல் 12 நிமிடம் ஆகும். காய்களை வதக்கி, ஒயினை ஊற்றி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் 3 மணி நேரம் வையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும், குழம்பில் கிடந்தும் இறைச்சி வறண்டிருக்கும். பிறகு குழம்பை வடிகட்டிச் சுண்டவைத்து, உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். முதலிலேயே முழு உப்பும் போட்டால் சுண்டும்போது கரித்துவிடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் 20 கிராம் வெண்ணெய் சேருங்கள்; சர்க்கரை வேண்டாம், ஒயின் புளித்ததுபோலத் தெரியும். சூடு ஆறிய பிறகு நறுக்கினால்தான் துண்டுகள் உதிராது.

கூட, பூண்டு சேர்க்காத உருளைக்கிழங்கு மசியல். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு, வெண்ணெயில் வதக்கிய காளானும் முட்டை நூடுல்ஸும் இந்த ஒயினுக்கு இன்னும் அழகாகப் பொருந்தும்.

இனி பாட்டில். இரண்டு நாள் முன்பே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். ‘அறை வெப்பநிலை’ என்ற பேச்சு குளிர்நாட்டு வீடுகளுக்கானது. நம் 30 டிகிரியில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து முன்பே வெளியே எடுத்து, பரிமாறும்போது 16 டிகிரி இருக்கட்டும், கிண்ணத்தில் தானே ஏறிக்கொள்ளும்.

பழைய தக்கை திருகாணிக்கு உதிரும். இரண்டு தகடுள்ள திறப்பான் பாதுகாப்பு: தகடுகளைப் பக்கவாட்டில் மெல்ல இறக்கி, சுழற்றியபடியே இழுக்க வேண்டும். டிகான்டரில் (மண்டியைப் பாட்டிலிலேயே விட்டு ஒயினை மட்டும் மாற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றும்போது கழுத்தின் கீழே விளக்கொளி வையுங்கள். கலங்கல் கழுத்தை நெருங்கியதும் நிறுத்திவிடுங்கள். இதை உணவுக்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும். பழையது காற்றில் மணிக்கணக்கில் தாங்காது.

திறந்ததும் வரும் அடைத்த வாசனை பத்து நிமிடத்தில் விலகலாம். நனைந்த அட்டை வாசனை விலகாது, அது தக்கையால் கெட்டுப்போன ஒயின். அதற்காகவே நல்ல இளம் நெபியோலோ ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதே குழம்புக்கு அதுவும் ஒத்துப்போகும்.