கவுண்டியிலிருந்து வந்த போன்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எதையாவது சொல்லிவைத்து, அரசாங்கத்து ஆள் வாசலில் வந்து நின்றால் என்ன ஆவது? எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இப்படிப்பட்ட புகாரைக் கையாள இங்கே இரண்டு பாதைகள் இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்வதற்கு முன்பே பணி முடித்தவர். நாங்கள் வேலையிலிருந்து வரும்வரை பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். ஏழாம் வாய்ப்பாடு தடுக்கிய ஒரு நாள் ஸ்கேலை எடுத்துவிட்டார். முன்கையில் சிவப்பாக ஒரு கோடு. மறுநாள் பள்ளியில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று ஆசிரியர், டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கவுண்டிக்கோ (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) போலீசுக்கோ தெரிவித்தாக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எனக்கும் அதே கடமைதான். எனவே சொன்னவர் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. யார் என்று கவுண்டி சொல்லவும் சொல்லாது.

கவுண்டியிலிருந்து போனில் பேசிய பெண், "இதை ஃபேமிலி அசெஸ்மென்ட்டாக எடுத்திருக்கிறோம், இன்வெஸ்டிகேஷன் இல்லை" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அப்புறம்தான் புரிந்தது. பாலியல் புகார், உயிருக்கே ஆபத்தான கொடுமை என்றால் விசாரணை கட்டாயம். முடிவில் 'கொடுமை நடந்தது' அல்லது 'நடக்கவில்லை' என்று தீர்ப்பு மாதிரி ஒன்று எழுதுவார்கள். அவ்வளவு கடுமை இல்லாத புகாரைக் குடும்ப மதிப்பீட்டுப் பாதையில் விடலாம். அதில் யார் குற்றவாளி என்று எழுதுவதே கிடையாது. பிள்ளை பத்திரமாக இருக்கிறதா, இந்த வீட்டுக்கு என்ன உதவி வேண்டும், இந்த இரண்டுதான் கேள்வி. ஐந்து நாளுக்குள் நேரில் பார்க்க வேண்டும், 45 நாளில் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். என் மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இங்கே நர்ஸ் வேலைக்குப் பின்னணிச் சோதனை உண்டு. பெயருக்கு எதிரே 'கொடுமை' என்ற முடிவு ஏறினால் அது அங்கே வந்து நிற்கும்.

செய்தி கசிந்ததும் ஆளுக்கொரு யோசனை. "அங்கிளை அடுத்த ஃப்ளைட்டில ஏத்தி விட்டுருங்க" என்றார் ஒருவர். "பையனுக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுங்க" என்றார் இன்னொருவர். ஒரு வக்கீலிடம் பேசினோம். இரண்டையும் செய்யாதீர்கள் என்றார். அந்த ஒரு வரிக்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

சமூகப் பணியாளர் வந்ததும் முதலில் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். டென்னசன் அறிவிப்பு என்று பெயர். நாங்கள் சொல்வதை எதற்குப் பயன்படுத்துவார்கள், யாரெல்லாம் பார்க்கலாம், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கும். அவசரப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு படுக்கையறைகள், சமையலறை, புகை அலாரம் என்று ஒரு சுற்றுப் பார்வை. வேலை நேரம், தூக்கம், சண்டை வந்தால் எப்படித் தீர்ப்போம், ஆத்திர அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று கேள்விகள். என் மாமியார் பெண் பார்க்க வந்தபோது கேட்டதைவிட இவை கண்ணியமாகத்தான் இருந்தன.

மகனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் இந்தப் பாதையில் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்தே பேசுவது வழக்கமாக இருந்ததாம். 2013-ல் இதே மாநிலத்தில் எரிக் டீன் என்ற நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். அவனைப் பற்றிப் புகார் மேல் புகார் போயும் காப்பாற்றவில்லை என்பது பத்திரிகையில் வந்து, ஆளுநர் மார்க் டேட்டன் ஒரு குழு அமைத்தார். பிள்ளையிடம் தனியே பேச வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அடிக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? மென்மையான பாதை என்ற பெயரில் உண்மையான கொடுமை தப்பிவிடக் கூடாது என்கிற வாதம் நியாயமானதுதான். ஆனாலும் மூடிய கதவுக்கு வெளியே நின்ற அந்த நேரத்தில் இந்த நியாயமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடம் பேசப் போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இலவசமாகவே பிடித்துத் தந்தார்கள். நீங்களே மொழிபெயர்க்கிறேன் என்று முன்வராதீர்கள்; கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். லைனில் வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, நீங்கள் பெடியனுக்கு அடிச்சனீங்களோ?" என்று அவர் கேட்டதும் நெல்லைக்கார அப்பா ஒரு நொடி விழித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "அடிச்சேன். முப்பது வருசமா அடிச்சுத்தான் படிக்க வச்சேன்" என்றார். எனக்குக் குலை நடுங்கியது. பணியாளர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. எழுதிக்கொண்டே, "அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு இப்போது வருகிறதா?" என்று கேட்டார். அப்பா யோசித்தார். "இல்லம்மா. என்னைப் பார்த்தாலே புஸ்தகத்த மூடிடுறான்" என்றார். நான் பத்து வருடம் சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வராத பதில் அது.

அப்புறம் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். தாத்தா பாடம் நடத்தலாம், கண்டிக்கும் பொறுப்பு எங்களுடையது. வாரத்தில் சில நாள் மகன் பள்ளிக்குப் பிந்தைய வகுப்பில் இருப்பான். பெற்றோர் வகுப்பு ஒன்றுக்கும் பெயர் கொடுத்தார்கள். வகுப்பு சுமார்தான், பாதி எனக்குத் தெரிந்தது, மீதி நம் வீட்டுக்கு ஒத்துவராதது. பள்ளிக்குப் பிந்தைய வகுப்புக்குக் கட்டண உதவி கிடைக்கும் என்று அவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

உதவி வேண்டாம் என்று மறுக்கலாமா? மறுக்கலாம். பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால் கோப்பை மூடிவிடுவார்கள். தோன்றாவிட்டால் அதே கோப்பு விசாரணைப் பாதைக்கு மாறும், நீதிமன்றம் வரைக்கும் போகலாம். அந்தக் கத்தி உறைக்குள்தான் இருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

அந்த 45 நாள் கெடு முடிவதற்குள் கடிதம் வந்தது. பாதுகாப்புச் சேவை தேவையில்லை, கோப்பு மூடப்படுகிறது என்று இருந்தது. கோப்பு மூடினாலும் பதிவு உடனே அழிந்துவிடாது. சில வருடங்கள் கவுண்டியிடம் இருக்கும். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நான் ஸ்கேன் செய்து பாஸ்போர்ட் நகல்களோடு வைத்திருக்கிறேன்.