பக்கத்தில் நிற்பவள்

ஊழியத்திலிருந்து திரும்பியது முதல் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எத்தனை பேரை மதம் மாற்றினாய் என்பதுதான். கேட்பவர் கிண்டலாகக் கேட்கிறாரா, உண்மையான ஆர்வத்தில் கேட்கிறாரா என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். 18 மாதங்கள் முழுநேரமும் என் விசுவாசத்தைப் பிறரிடம் எடுத்துச் சொல்வதையே வேலையாகச் செய்தவள் என்பதால், அந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த மாதங்களை நினைக்கும்போது, கதவைத் திறந்தவர்களையும் மூடியவர்களையும் முந்திக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றிருந்த ஐந்து பெண்களின் முகங்களே நினைவுக்கு வருகின்றன.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது எங்கள் சபையின் முழுப் பெயர். வெளியில் எங்களை மார்மன்கள் என்பார்கள். 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன், அந்தப் பட்டப்பெயரை விடுத்து முழுப் பெயரையே சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். கொள்கை சரிதான், ஆனால் பாதி திறந்த கதவின் முன் நின்று அத்தனை நீளப் பெயரை உச்சரித்து முடிப்பதற்குள், உள்ளே இருப்பவர் எங்களிடம் எதையும் வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டிருப்பார்.

ஊழியத்துக்குப் போவது எங்கள் இளைஞர்களுக்குக் கடமையாகவே சொல்லப்படுகிறது. பெண்களுக்கு அது அவரவர் விருப்பம். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. முன்பெல்லாம் பெண்கள் 21 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 அக்டோபரில் அதை 19 ஆகக் குறைத்தார்கள். நானும் 19 வயதில்தான் விண்ணப்பித்தேன். சம்பளம் கிடையாது. செலவுக்கான பணத்தைச் சேமித்தோ குடும்பத்தாரிடம் பெற்றோ நாமே கொண்டுபோக வேண்டும். எந்த ஊர், எந்த மொழி என்பதை அழைப்புக் கடிதம் தீர்மானிக்கும். யாரோடு வாழ்வது என்பதை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஊழியத் தலைவர் ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை தீர்மானிப்பார்.

யாரோடு வாழ்வது என்று நான் சொல்வது மிகையல்ல. இயேசு தம் சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்பதைப் பின்பற்றி, எங்களையும் இரண்டிரண்டு பேராகவே அனுப்புகிறார்கள். இணை ஊழியர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை போன்ற ஒருசில விலக்குகள் மட்டுமே உண்டு. காலை ஆறரை மணிக்கு இருவரும் எழ வேண்டும். வேதத்தை முதலில் தனியாகவும் பிறகு சேர்ந்தும் படிக்க வேண்டும். சேர்ந்து வெளியே போய்ச் சேர்ந்து திரும்பி, இரவு பத்தரைக்கு ஒரே அறையில் விளக்கணைக்க வேண்டும். ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைப்பதும் இல்லை. சட்டையில் குத்தியிருக்கும் கறுப்புப் பெயர்ப்பட்டையில் உள்ளபடி, அவளும் சகோதரி, நானும் சகோதரி. திருமணத்தில்கூட மாலையில் வீடு திரும்பும்வரை ஒரு பிரிவு இருக்கிறது. இதில் அதுவும் இல்லை.

முதல் 12 வாரங்களுக்கு எனக்குப் பயிற்சியளித்த சகோதரி என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அவர் கற்றுக்கொடுத்தவற்றில் பாதி எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. எடுத்துக்காட்டாக, தேநீர். நாங்கள் தேநீரும் காப்பியும் அருந்துவதில்லை. எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் பெற்றதாக நாங்கள் நம்பும் ஞான வார்த்தை என்ற வெளிப்பாட்டிலிருந்து வரும் கட்டுப்பாடு அது. மது, புகையிலை ஆகியவற்றை மறுப்பதை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்நியர் இருவரை நம்பி உள்ளே உட்காரவைத்து, அடுப்பில் தண்ணீரும் வைத்துவிட்ட ஒருவரிடம், உங்கள் தேநீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும்போது அவர் முகம் வாடிவிடும். நான் முதல் வாரத்தில் அதற்கு ஒரு வேதப் பாடமே நடத்தினேன். என் பயிற்சியாளரோ, “அதே கோப்பையில் வெறும் வெந்நீர் கொடுங்கள், போதும்” என்பார். ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்பார். உபசரித்தவருக்குக் குறை இருக்காது; எங்கள் கட்டுப்பாடும் குலையாது. இதைவிடச் செம்மையான ஒரு பிரசங்கத்தை நான் அந்த ஒன்றரை ஆண்டில் கேட்கவில்லை.

போதிக்கும்போது இருவரும் மாறிமாறிப் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருப்பதாகத் தோன்றும்; உண்மையில் கடினமான வேலை அவருடையதுதான். ஒரு முதிய பெண்மணியின் வீட்டில், 1820இல் பதினான்கு வயதுச் சிறுவனாக ஜோசப் ஸ்மித் ஒரு தோப்புக்குள் போய் ஜெபித்த வரலாற்றை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் பயிற்சியாளரின் காலணி என் காலணியை மெல்ல அழுத்தியது. நிறுத்து என்பதற்கு எங்களுக்குள் இருந்த அடையாளம் அது. எனக்கு எரிச்சல், கதை உச்சக்கட்டத்துக்கு வந்திருந்தது. நிறுத்திய பிறகுதான் கவனித்தேன், அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது யார் அம்மா?” என்று என் பயிற்சியாளர் கேட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் அந்த அம்மாதான் பேசினார். பாடம் முடியவில்லை, ஜெபத்தோடு விடைபெற்றோம். வாரக் கடைசியில் அனுப்ப வேண்டிய கணக்கில், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர்கள், ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் என்றெல்லாம் தலைப்புகள் உண்டு. அந்த முக்கால் மணி நேரத்தை எழுத அதில் இடமில்லை. எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எண்கள் இல்லாவிட்டால் மழைநாட்களில் நாங்கள் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டோம்.

வாராந்திரத் திட்டமிடலின் முடிவில் ஒரு சடங்கு உண்டு. இணை ஊழியர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இந்த வாரம் நம் உறவில் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரங்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். நான்காவது வாரம் பொறுக்கமுடியாமல், அவர் காலணிக் கயிற்றைக் கட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சொன்னேன். வாசலில் நான் தயாராக நிற்க, அவர் குனிந்து கட்டி, அவிழ்த்து, மறுபடி இழுத்துக் கட்டுவார். ஒவ்வொரு நாளும் அதனால் தாமதம். அவர் கோபப்படவில்லை. குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தம் பங்குக்கு ஒன்றைச் சொன்னார்: “யாராவது முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டால், நீங்கள் என்னை விட்டுவிட்டு மாடிப்படியில் வேகமாக இறங்கிப் போய்விடுகிறீர்கள், சகோதரி. அந்த நேரத்தில் நானும் மறுக்கப்பட்டவளாகத்தான் தனியாக இறங்கி வருகிறேன்.” நான் அப்படிச் செய்வதே அதுவரை எனக்குத் தெரியாது.

மறுப்புகளில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் அலுத்துவிடும். எத்தனை மனைவிகள் என்ற கேள்வி மட்டும் வாரந்தோறும் வரும். எங்கள் சபையில் பலதார மணத்தைக் கைவிடும் அறிவிப்பு 1890இலேயே வந்துவிட்டது என்று பதில் சொல்வோம். கேட்டவர் பெரும்பாலும் பதிலுக்காகக் கேட்டிருக்க மாட்டார். திருமணமாகாத பெண்களில் முதன்முதலாக முழுநேர ஊழியத்துக்கு நியமிக்கப்பட்ட ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் ஆகிய இருவரும் 1898இல் பிரிட்டனுக்குச் சென்றபோது, மார்மன் பெண்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே உலவிக்கொண்டிருந்தது. அவர்கள் மேடையேறிப் பேசியதே அதற்கு மறுப்பாயிற்று. சில மாலைகளில் எனக்கு அவர்கள் பிரசங்கத்தைவிட, அறைக்குத் திரும்பியபின் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதையே அறிய ஆசையாக இருக்கும்.

மூன்றாவது இணை ஊழியரைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதல்ல. அவர் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். 2019 பிப்ரவரிக்கு முன்பு ஊழியக்காரர்கள் வீட்டாரோடு பேசுவது ஆண்டுக்கு இரண்டு முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். அதன்பின் வாரம் ஒருமுறை, துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் தரப்படும் ஆயத்த நாளில் பேசலாம். அவர் பேசும்போது நானும் அதே அறையில் இருந்தாக வேண்டும். அவர் மொழி எனக்குப் புரியாது, அழுகை புரிந்தது. அது வீட்டு ஏக்கம், வேலை செய்தால் தீர்ந்துவிடும் என்று முடிவுகட்டிக்கொண்டு, நாளுக்கு இன்னும் இரண்டு தெருக்களைச் சேர்த்தேன். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தும் நான் அவரிடம் நேராக ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தவணை முடியும் முன்பே அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். சேர்த்துவைத்த அந்தத் தெருக்களில் ஒரு கதவும் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசி மாதங்களில் நாங்கள் போதித்துவந்த ஒரு பெண் ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்டார். ஞானஸ்நானம் கொடுக்கும் ஆசாரியத்துவம் எங்கள் சபையில் ஆண்களுக்கு மட்டுமே உண்டு. வாரக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். தண்ணீரில் இறங்கியவர் அவரை இரண்டு முறை மட்டுமே சந்தித்திருந்த ஓர் இளம் மூப்பர்; ஆண் ஊழியர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அது எனக்கு உறுத்தியது; இப்போதும் சற்று உறுத்துகிறது. ஆனால் 2019 அக்டோபர் முதல் பெண்களும் சாட்சிகளாக நிற்கலாம் என்பதால், நானும் என் இணை ஊழியரும் தொட்டியின் இரு பக்கங்களிலும் நின்றோம். சாட்சியின் வேலை சொற்கள் பிசகாமல் சொல்லப்பட்டனவா, உடல் முழுவதும் மூழ்கியதா என்று பார்ப்பது. அவர் மூழ்கி எழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, தலையசைத்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் என் இணை ஊழியர் தலையை மறுப்பாக அசைத்தார். பின்னலின் நுனி தண்ணீருக்கு மேலே மிதந்திருக்கிறது. எத்தனையோ நாள் எதிர்பார்த்த நேரத்தில், அத்தனை பேர் முன்னிலையில், ஒரு விரற்கடை முடிக்காக அதை மீண்டும் செய்யச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. மூப்பர் மறுபடி அந்தச் சொற்களைச் சொன்னார். அந்தப் பெண் இம்முறை தம் பின்னலைத் தாமே கையில் பிடித்துக்கொண்டு மூழ்கி, சிரித்துக்கொண்டே எழுந்தார். பின்னாளில் அவர் எங்களிடம் நினைவுகூர்ந்ததெல்லாம் அந்த இரண்டாவது முறையைத்தான்.

ஊருக்குத் திரும்பிய அன்று இரவே, சபைப் பொறுப்பாளர் என்னை ஊழியத்திலிருந்து முறைப்படி விடுவித்தார். பெயர்ப்பட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அலாரம் இல்லாமலே விழித்து, ஏதோ வாங்கிவரக் கிளம்பினேன். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நெடுநேரம் நின்றிருக்கிறேன் போலும். என்னடி, யாருக்காக நிற்கிறாய் என்று அம்மா உள்ளிருந்து கேட்டார். காலணிக் கயிற்றை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து, என் காலைக் குனிந்து பார்த்தேன். நான் செருப்பு அணிந்திருந்தேன்.