கடைசி வரிசைக்காரரும் கைக்குழந்தையும்

ஜாஸ் என்ற அமெரிக்க இசையைப் பாடத் தொடங்கி இது பன்னிரண்டாவது வருடம். அதற்கு முன்பு ஒன்பது வருடம் கொல்லத்தில் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். அதற்கும் முன்பு, ஆரியங்காவில் தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தேன். "நாடகத்தை விட்டுட்டியாமே" என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். விடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா இசை நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது, செங்கோட்டை தமிழ்நாட்டில். 1956 நவம்பரில் எல்லை பிரித்தபோதுதான் செங்கோட்டை அந்தப் பக்கம் போனது. அதனால் தாத்தாவுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். அதிலும் செங்கோட்டை, நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊர். 1933ல் இருபத்தேழு வயதில் இறந்துபோன ஒரு பாடகரைப் பற்றி, நேரில் பார்க்காமலே தாத்தா கண் கலங்கிப் பேசுவார். மைக் இல்லாத காலம் அது. "கடைசி வரிசையில பாய் விரிச்சுப் படுத்திருக்கவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேரணும், யம்மா" என்பார். நான் கற்ற முதல் பாடம் அது. பின்னாளில் என்னைத் தடுமாற வைத்ததும் அதுதான்.

கொல்லத்தில் மலையாள நாடகம். என் பேச்சில் தமிழ் வாடை அடிக்கிறது என்று முதல் இரண்டு வருடம் எனக்கு வசனமே அதிகம் தரவில்லை. திருவிழாக் காலத்தில் சில ராத்திரி இரண்டு ஸ்டேஜ். ஒரு ஊரில் திரை விழுந்ததும் முகத்துச் சாயத்தோடு வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போவோம். அப்படி ஒரு ராத்திரி, துணிப் பொட்டலத்தைக் குழந்தையாகப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கிறேன். வீடு திரும்ப வேண்டிய கணவன் வரவில்லை. செட்டில் கதவு சிக்கிக்கொண்டது, பின்னால் மூன்று பேர் இழுக்கிறார்கள். சொல்ல வசனம் இல்லை. கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன், ஆச்சி எங்களைத் தூங்க வைத்த தாலாட்டு வாயில் வந்துவிட்டது. தமிழில். இரண்டு நிமிடமாவது பாடியிருப்பேன். கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. திட்டு விழும் என்று நினைத்தேன். நாடகத்தை இயக்கிய மாஷ் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரிகர்சலில், "கதவு திறந்தாலும் அதைப் பாடு" என்றார். அந்த சீசன் முழுக்கப் பாடினேன்.

அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொச்சியிலிருந்து ஒரு பியானோக்காரர் என்னைத் தேடி வந்தார். கோட்டைக் கொச்சியில் ஒரு சின்ன ஜாஸ் குழு, பாட ஆள் வேண்டும் என்றார். எனக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. சரி, பார்க்கலாம் என்று போனேன்.

முதல் நாளே மைக்கை வாய்க்கு அருகில் வைத்து, ஐந்தரைக் கட்டையில், தாத்தா சொன்ன கடைசி வரிசைக்காரருக்குப் பாடினேன். அந்த அறையில் மொத்தமே பன்னிரண்டு நாற்காலி. பியானோக்காரர் காதைப் பொத்திக்கொள்ளாமல் இருந்தது அவருடைய மரியாதை. "சேச்சி, முன்னாடி இருக்கறவங்களுக்குப் பாடுங்க" என்றார். சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கினார். அங்கே என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூச்சும் கொஞ்சம் கரகரப்புமாக ஒரு குரல். நாடகத்தில் அதைக் குறை என்போம். பில்லி ஹாலிடே என்ற அமெரிக்க ஜாஸ் பாடகியின் பதிவுகளைக் கேட்கச் சொன்னார். சிறிய குரல்தான், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. தாளத்துக்குச் சற்றே பின்தங்கி, பேசுவதுபோல் சொல்லைப் போடுகிறார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பிடிபட்டது: இந்த அம்மா பாடவில்லை, வசனம் சொல்கிறார்.

அப்புறம்தான் விசாரித்தேன். ஜாஸ் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் பாட்டுகளில் பெரும் பகுதி அமெரிக்க நாடக மேடைக்காக எழுதியவை. 'சம்மர்டைம்' அப்படி ஒன்று. 1935ல் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்ற இசை நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டுப் போட்டது. அடுத்த வருடமே பில்லி ஹாலிடே அதைப் பதிவு செய்தார். நான் அதை ஒரு வருடமாக, கோடை விடுமுறைப் பாட்டு என்று எண்ணிச் சிரித்த முகத்தோடு பாடிக்கொண்டிருந்தேன். கதையைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அது தாலாட்டு. கடலோரத்தில் ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருக்கும் ஒரு வளவில், மீன் பிடிக்கப் போகிறவனின் மனைவி கைக்குழந்தைக்குப் பாடுகிறாள். உன் அப்பா பணக்காரர், உன் அம்மா அழகி, அழாதே என்கிறாள். பணம் ஏது அங்கே? பிறகு புயலில் அந்த அப்பாவும் போகிறான், அவனைத் தேடி ஓடிய அம்மாவும் போகிறாள். அனாதையான அதே குழந்தைக்கு வேறொருத்தி அதே பாட்டைப் பாடுகிறாள்.

இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைச் சிரித்துக்கொண்டு எப்படிப் பாடுவது? அழுதுகொண்டும் பாட முடியாது, குழந்தை பயந்துவிடும். அன்றிலிருந்து எந்தப் பாட்டு வந்தாலும் மெட்டைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை யார், யாரிடம், என்ன நேரத்தில் சொல்கிறார்கள்? எங்கள் குழுவின் மற்றவர்கள் கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், எழுதிய தாளைப் புரட்டுவார்கள், நான் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பேன். கடைசி வரிசைக்காரரும் அப்படி ஒரு ஆள்தான். தாத்தா சொன்னதில் தப்பில்லை, நான்தான் எல்லாப் பாட்டுக்கும் அவரையே உட்கார வைத்திருந்தேன்.

சொல் இல்லாமல் வெறும் ஓசையால் பாடுவதை ஸ்கேட் என்கிறார்கள். எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் மகாராணி. 1960ல் பெர்லின் மேடையில் ஒரு பாட்டின் வரிகள் மறந்துபோய், அங்கேயே சொந்தமாகக் கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. எனக்கு ஸ்கேட் என்றால் ரொம்பப் பயம். ஒருநாள் பியானோக்காரர், "உங்க தாலாட்டுல அந்த ஆராரோ ஆரிரரோவுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அர்த்தம் ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஓட்டல் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், வயிற்றுப்பாடு அங்கேதான். ஒரு நட்சத்திர ஓட்டலில் மூன்று மாதத்துக்குப் பேசியிருந்தார்கள். இரண்டாவது வாரமே, சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு மேல் பாட்டு கேட்கக் கூடாது என்றார்கள். ஒரு மாதம் முடிந்ததும் போனில் ஒரு வரி வந்தது, இனி வர வேண்டாம் என்று. கடைசி இரண்டு வாரச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. பேஸ் வாசிப்பவர் அந்தப் பெரிய வாத்தியத்தை ஏற்றி வரத் தினமும் தனி வண்டி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அடி. மனிதர்களைப் பாட நிற்க வைத்துவிட்டு, அவர்கள் பாட்டு காதில் விழாமல் இருக்க ஏற்பாடு செய்வது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. அதற்கு ஸ்பீக்கர் போதும்.

எனக்கு நெடுநாள் வராமல் இருந்த ஒரு விஷயம் தாளம். நாலு நாலாக எண்ணும்போது நாம் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிப் பழகியவர்கள். ஜாஸில் விரல் சொடுக்குவது இரண்டிலும் நாலிலும். புனலூர் பஸ்ஸில் முழங்காலில் தட்டித் தட்டிப் பழகுவேன், கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் வாசிக்கும்போது கை சரியாகப் போகும், பாட வாயைத் திறந்தால் பழைய இடத்துக்கு ஓடிவிடும்.

போன மழைக்காலம் கொச்சியில் வேலை இல்லை. ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கினேன். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஆச்சியின் பழைய சேலையில் உத்திரத்தில் தொட்டில் கட்டியிருந்தார்கள். மத்தியானம் ஆட்டிவிடுவது என் வேலை. ஒன்றில் தள்ளுகிறேன், அது போகிறது. இரண்டில் திரும்பிக் கைக்கு வந்து சேர்கிறது. அந்தச் சேரும் இடத்தில் சேலை உத்திரத்தில் 'கிர்' என்று ஒரு சத்தம் போடும். மூன்றாவது நாளோ என்னவோ, 'சம்மர்டைம்' முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், இடது கை விரல்கள் தானாக அந்தச் சத்தத்தோடு சொடுக்கிக்கொண்டிருந்தன.

கொச்சிக்குத் திரும்பியதும் பியானோக்காரரிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 72 தட்டு வைத்திருந்தார். இன்னும், இன்னும் என்று 58க்கு வந்தோம். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷை வைத்து மெல்லத் தடவினார். ரொம்ப மெதுவாக இல்லையா என்று பேஸ்காரர் கேட்டார். பிள்ளை இப்போதுதான் கண் அசருகிறது என்றேன்.