அப்பா அம்மா போர்ட்ரெய்ட்டுக்கு நாங்கள் தயாரான கதை

அப்பாவுக்கு வைகாசியில் அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் போட்டோ, வீடியோ எல்லாம் உண்டுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரையும் நிதானமாக உட்காரவைத்து எடுக்க முடியாது என்பதால் அதற்கு முன்பே சத்துவாச்சாரி பக்கம் ஒரு ஸ்டுடியோவில் தனியாக போர்ட்ரெய்ட் எடுத்துவிடலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். அதாவது அக்னி நட்சத்திரத்தில். வேலூர் வெயில் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர், உடுத்தப் போகும் துணிகளை முன்கூட்டியே போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அம்மா எடுத்து வைத்திருந்தது உடல் முழுக்க ஜரிகை ஓடும் காஞ்சிபுரம். "அக்கா, இந்த ஜரிகை லைட்டை வாங்கித் திருப்பி அடிக்கும், எல்லார் கண்ணும் புடவைக்குத்தான் போகும், அம்மா முகத்துக்குப் போகாது" என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் யோசித்துப் பார்த்தால் உட்கார்ந்து எடுக்கும் படத்தில் இடுப்புக்கு மேலே தெரிவதே முந்தானை மடிப்பும் ரவிக்கைக் கையும் கழுத்தும்தான், அதற்கு எதற்கு அத்தனை ஜரிகை? அரக்கு நிறத்தில் சின்ன கரை போட்ட ஆரணிப் பட்டு ஒன்று பீரோவில் கிடந்தது, அதையே எடுத்தோம். ஆரணிப் பட்டு எடை குறைவு, உட்கார்ந்தாலும் தோளில் புடைக்காமல் படியும். முந்தானையை முதல் நாள் இரவே மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி ஹேங்கரில் தொங்கவிட்டோம். ரவிக்கைதான் கையில் பிடித்தது, தையல்காரர் உள்ளே விட்டிருந்த தையலில் ஒன்றைப் பிரித்ததும் சரியாகிவிட்டது.

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு தெரியாது. லைட் வெளிச்சத்தில் வெள்ளையில் மடிப்பு, நிழல் எதுவும் தெரியாமல் ஒரே வெளுப்பாகப் போய்விடும், உள்ளே போட்ட பனியன் கோடு மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் சட்டை மட்டும் சந்தன நிறம். புது வேட்டியை உறையிலிருந்து எடுத்து அப்படியே கட்டினால் கட்டம் கட்டமாக மடிப்புத் தழும்பு இருக்கும், ஒருமுறை நனைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். தம்பியின் பொடிக்கட்டச் சட்டைக்கும் தடை. கேமரா சென்சாரில் இருக்கும் புள்ளி வரிசையும் துணியின் நெருக்கமான கோடுகளும் ஒன்றோடொன்று மோதி, படத்தில் அலை அலையாக ஒரு கோலம் வந்துவிடுமாம். ப்ளெயின் பச்சை போட்டுக்கொண்டான்.

முகத்துக்கு வருவோம், நேரம் போனதெல்லாம் இங்கேதான். அம்மா தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர். நேரில் லட்சணமாக இருக்கும், கேமராவில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். முந்தின நாளிலிருந்தே மஞ்சளை நிறுத்தச் சொன்னதற்கு "நல்ல காரியத்துக்குப் போறப்போ மஞ்சள் இல்லாமலா?" என்று பெரிய பஞ்சாயத்து, கடைசியில் காலுக்கு மட்டும் பூசிக்கொள்வது என்று தீர்ப்பானது. குங்குமம் வியர்வையில் மூக்கில் இறங்கும், ஸ்டிக்கர் பொட்டுதான் சரி. சன்ஸ்கிரீனும் அன்றைக்கு வேண்டாம், அதில் ஜிங்க் ஆக்சைடு இருந்தால் ஃபிளாஷ் அடிக்கும்போது முகத்தில் மாவு பூசியதுபோல் வெளுக்கும். மல்லிகைப்பூ பின்னால் மட்டும் இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது, ஒரு பக்கம் தோளுக்கு முன்னால் வரும்படி நீளமாக வையுங்கள்.

அப்பாவுக்கு டை அடிப்பதை ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டோம். அன்றைக்கே அடித்தால் நெற்றி ஓரத்தில் கறை நிற்கும், முடியும் தொப்பி வைத்ததுபோல் அட்டைக் கறுப்பாகத் தெரியும். ஷேவிங் காலையிலேயே முடிந்தது, சிவப்பு அடங்க இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். விபூதியை உலர்வாகப் பூசினால் கண்ணாடி மேலும் சட்டை மேலும் உதிரும், தண்ணீரில் குழைத்துப் பூசினால் நிற்கும்.

கண்ணாடி தனிக்கதை. ஸ்டுடியோ லைட் அதில் பச்சையாகப் பளிச்சிட்டது, ஸ்டுடியோக்காரர் வந்து இரண்டு காதுப் பக்கமும் கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைத்தார், கண்ணாடி முன்பக்கம் லேசாகக் குனிந்தது, பளிச்சிடல் போய்விட்டது. அப்புறம் சாயங்காலம் கோட்டைப் பூங்காவில் நாலு படம் எடுக்கலாம் என்று போனால், வெயில் பட்டதும் அதே கண்ணாடி கறுத்துப்போய் அப்பா அரசியல்வாதி மாதிரி நின்றார். பழைய சாதாரணக் கண்ணாடியைப் பையில் போட்டு வந்திருந்ததால் தப்பித்தோம். கோட்டையின் சாம்பல் நிறக் கருங்கல்லுக்கு முன்னால் அந்த அரக்குப் புடவை எடுப்பாக இருந்தது, அது மட்டும் எதிர்பாராத லாபம். ஒன்று, கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, ட்ரைபாட் எல்லாம் வைக்க வேண்டுமென்றால் முன்அனுமதி வேண்டும். நாங்கள் கையில் பிடித்துத்தான் எடுத்தோம்.

ஸ்டுடியோவுக்குப் போனதும் உடனே உட்காராதீர்கள். ஏசியில் வியர்வை அடங்கும்வரை இருந்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு (தேய்க்கக் கூடாது) அதற்குப் பிறகு பவுடர். பின்னூசி, சீப்பு, அம்மாவுக்கு ஒரு மாற்றுப் பொட்டு அட்டை இவையெல்லாம் பையில் இருக்கட்டும். பிரிண்ட் கேட்டபோது பளபளக்காத மேட் ஃபினிஷ் சொன்னோம், எங்கள் ஹாலில் மாட்டும் சுவர் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது, வெளிச்சம் நேராக அதில்தான் விழும்.